அம்பாசடர் கியர்: ஜோடி பார்த்து வாங்குங்க

பழைய அம்பாசடர் என்ஜினைப் பற்றிச் சொல்ல ஊருக்குப் பத்துப் பேர் இருக்கிறார்கள். கியர்பாக்ஸைப் பிரித்துப் போட்டுவிட்டால் பேசுவதற்கு ஆள் கிடைப்பதில்லை. உடுமலைத் தோட்டத்துச் சாளையில் நின்றிருந்த எங்கள் அப்புச்சியின் மார்க் 2 வண்டியைக் கோவைக்குக் கொண்டுவந்து வேலை பார்த்துக்கொண்டிருக்கிறேன். கணபதியில் எங்களுக்குச் சின்னதாக ஒரு கியர் கட்டிங் பட்டறை. அதனால் பல் எண்ணுவது பழகின வேலை.

"அம்பாசடர் கியருன்னா எல்லாம் ஒண்ணுதானுங்க தம்பி" என்றார் உக்கடத்தில் ஒரு பழைய சாமான் கடைக்காரர். அப்படியில்லை. முதலில் வந்தது சைடு வால்வு என்ஜின், அப்புறம் பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) வடிவமைத்த 1489 சிசி, 1990களில் இசுசூ 1.8, அதோடு ஐந்து கியர் பெட்டி. 2014 வரை இந்த வண்டி வந்துகொண்டிருந்தது. நடுவில் எத்தனை கை மாறி, எந்தப் பெட்டியின் ஷாஃப்ட் எந்தப் பெட்டிக்குள் போயிருக்கும் என்று யாருக்கும் தெரியாது. ஆர்சி புத்தகத்து வருஷத்தை நம்பிப் பாகம் வாங்காதீர்கள். பிரித்துப் பார்த்து, உள்ளே இருப்பதை அளந்துகொண்டு கடைக்குப் போங்கள்.

முதலில் டீசலில் கழுவி எல்லாக் கியரிலும் பல் எண்ணி எழுதிக்கொள்ள வேண்டும். என்ஜின் பக்கத்து ஷாஃப்டின் ஸ்ப்ளைனையும், அதாவது கிளட்ச் பிளேட் மாட்டும் நீளவாட்டு வரிப்பற்களையும், எண்ணுங்கள், விட்டத்தை வெர்னியரில் பாருங்கள். கையிலேயே கிளட்ச் பிளேட்டைக் கொண்டுபோய் மாட்டிப் பார்த்துவிடுவது இன்னும் நல்லது. ஒரே துண்டில் பல கியர்கள் சேர்ந்திருக்கும் கிளஸ்டர் கியரையும் அதோடு ஓடும் மெயின் ஷாஃப்ட் கியர்களையும் தனித்தனியாக வாங்கக் கூடாது. கண்ணபுரம் சந்தையில் காளையை ஜோடி பார்த்துப் பிடிக்கிற மாதிரிதான் இதுவும். பழைய பல்லும் புதுப் பல்லும் சேர்ந்தால் எண்ணிக்கை சரியாக இருந்தாலும் ஊளையிடும்.

பழைய நாலு கியர் பெட்டியில் முதல் கியருக்கு சின்க்ரோ, அதாவது மாட்டும் முன் இரண்டு பக்க வேகத்தையும் ஒத்துப்போக வைக்கும் அமைப்பு, கிடையாது. நேர்ப்பல் கியர் சறுக்கிப் போய் மாட்டும், அதனால் பல்லின் முனை மழுங்கியிருக்கும். அந்தப் பல், முதல் இரண்டு கியருக்கும் பொதுவாக ஷாஃப்ட் மேல் உட்காரும் ஹப்பின் வெளிப்புறத்திலேயே இருப்பதால், பல் போனால் ஹப்பையே மாற்ற வேண்டியதுதான்.

சின்க்ரோ உள்ள கியர்களில் பித்தளை ரிங்கை நிதானமாகப் பாருங்கள். உள்பக்கம் மரை மாதிரி மெல்லிய கோடுகள் விரலுக்குத் தட்டுப்பட வேண்டும். வழவழவென்று மின்னினால் அது தேய்ந்த ரிங். கியரின் கூம்பான பகுதி (கோன்) மேல் அழுத்தித் திருகினால் கவ்விப் பிடிக்க வேண்டும். அப்படிப் பிடித்திருக்கும்போது ரிங்கின் பல்லுக்கும் கியரின் சிறு பல்லுக்கும் நடுவில் இடைவெளி தெரிய வேண்டும். அடியோடு போய் உட்கார்ந்துவிட்டால் ஒதுக்கிவிடலாம். புதுசு என்று பாக்கெட்டில் வருவதையும் இப்படிச் சோதிக்காமல் நான் வாங்குவதில்லை.

கிடைக்காத கியரை இங்கேயே வெட்டலாம், கோவையில் அதற்குப் பஞ்சமில்லை. ஆனால் இது ஆங்கிலேயர் வடிவமைத்த வண்டி, அவர்கள் கணக்கு அங்குலத்தில், டிபியில், அதாவது ஓர் அங்குல விட்டத்துக்கு எத்தனை பல் என்று. நம் பட்டறைகளில் இருப்பது மில்லிமீட்டர் கணக்கில் பல் வெட்டும் மாட்யூல் ஹாப். 10 டிபி என்றால் 2.54 மாட்யூல், கையில் 2.5 இருக்கிறதே என்று வெட்டினால் பார்வைக்குப் பொருந்தும், ஓட்டத்தில் பல்லைத் தின்றுவிடும். சாய்வுப் பல்லாக இருந்தால் சாய்வுக் கோணமும் வேண்டும். வெட்டினால் ஜோடியாக வெட்டி, கார்பரைசிங் செய்து (பல்லின் மேற்பரப்பில் கரி ஏற்றிக் கெட்டிப்படுத்தி), அப்புறம் கிரைண்டிங்.

இசுசூ பெட்டியை ஏற்றிவிடு என்று சொல்பவர்கள் நிறைய. அதை ஏற்றினால் கியர் தண்டு தரைக்குப் போய்விடும், எனக்கு மனசு ஒப்பவில்லை. ஸ்டீயரிங் பக்கத்துக் கியர் தண்டு இல்லாத அப்புச்சியின் வண்டியை நினைத்துப் பார்க்க முடியவில்லை.

கடைசியாக, பின் சக்கரங்களுக்கு நடுவில் இருக்கும் டிஃபரென்ஷியல். அதன் பெரிய பல்சக்கரமான கிரவுனும் அதை ஓட்டும் சின்னப் பினியனும் ஒன்றோடொன்று உரசவிட்டுப் பதமாக்கிய ஜோடி. இரண்டிலும் ஒரே எண்ணைப் பொறித்திருப்பார்கள். கிரவுனில் 39 பல், பினியனில் 8 என்றால் விகிதம் 4.875. பல் கணக்கு ஒத்துப்போய் பொறித்த எண் மாறியிருந்தால், பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம்.