ரிசர்வ் வீரர்களின் கால் வலியை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை

வருடம் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவர், ராணுவப் பயிற்சிக்கு அழைப்பு வந்ததும் பூட்ஸை மாட்டிக்கொண்டு, முதுகில் இருபது கிலோவோ அதற்கு மேலோ சுமந்து, மேடும் பள்ளமுமான நிலத்தில் நாள்கணக்கில் நடக்கிறார். வாரத்துக்கு இரண்டு முறை ஓடப் போகிற பழக்கம் இருந்தால் சமாளித்துவிடலாம் என்று நினைப்பார். சிக்கலே அங்கேதான். மூச்சும் தசையும் சில வாரங்களில் தேறிவிடும், எலும்புக்கு மாதக்கணக்கில் ஆகும். புதிதாக பாரம் ஏறும்போது உடம்பு முதலில் பழைய எலும்பைக் கரைக்கிறது, அப்புறம்தான் அங்கே புதியதைக் கட்டுகிறது. கட்டி முடிகிறவரை எலும்பு வழக்கத்தைவிட பலவீனமாகவே இருக்கும், பயிற்சி அதற்காகக் காத்திருப்பதில்லை.

இது இன்று வந்த பிரச்சினை இல்லை. நடந்து நடந்து பாதம் வீங்கிப்போன சிப்பாய்களைப் பற்றி பழைய ஜெர்மன் அரசான பிரஷ்யாவின் ராணுவ மருத்துவர் பிரைட்ஹாப்ட் 1855-லேயே எழுதியிருக்கிறார். அது எலும்பில் விழுந்த விரிசல் என்பது எக்ஸ்ரே வந்த பிறகுதான் தெரிந்தது.

ராத்திரி பூட்ஸைக் கழற்றியதும் முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பை கட்டைவிரலால் மேலிருந்து கீழாக அழுத்திப் பாருங்கள். நீளமாகப் பரவிய வலி என்றால் பெரும்பாலும் ஓய்வில் சரியாகும். விரல் நுனி அளவு ஒரே இடத்தில் சுரீர் என்றால் அது விரிசலாக இருக்கலாம், அடுத்த நாள் நடைப்பயிற்சிக்குப் போகாமல் மருத்துவரிடம் போங்கள். முதல் இரண்டு மூன்று வாரங்களில் எக்ஸ்ரேயில் ஒன்றுமே தெரியாமல் போகலாம், வலி நீடித்தால் எம்ஆர்ஐ ஸ்கேன் கேளுங்கள்.

தொடை இடுக்கில் வலி வந்தால் இன்னும் கவனம் வேண்டும். தொடை எலும்பின் கழுத்தில் விரிசல் இருக்கலாம், அதோடு நடந்து அது விலகிவிட்டால் மூட்டுக்குப் போகும் ரத்த ஓட்டமே நின்றுபோகலாம், வாழ்நாள் முழுக்க நொண்ட வேண்டியும் வரலாம். வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு கூட்டத்தோடு நடப்பதை தைரியம் என்று பாராட்டுகிற அதிகாரிகள் மேல் எனக்கு உண்மையாகவே கோபம் வருகிறது.

கணுக்கால் சுளுக்கையும் அலட்சியமாக விடக் கூடாது. ஒருமுறை சுளுக்கிய கால் மறுபடி சுளுக்க வாய்ப்பு அதிகம், ஒற்றைக் காலில் நின்று சமநிலைப் பயிற்சி செய்தால் அது குறையும்.

பயிற்சி முகாம் தேதி தெரிந்ததுமே, முடிந்தால் மூன்று மாதம் முன்பே, அதே பூட்ஸில் குறைந்த சுமையோடு நடக்க ஆரம்பியுங்கள். சுமையையும் தூரத்தையும் ஒரே வாரத்தில் சேர்த்து ஏற்றாதீர்கள்.