கடை கேமராவும் பில்லிங் கம்ப்யூட்டரும் ஒரே நெட்டில் இருக்கக் கூடாது

சென்னை பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடையை எடுத்துக்கொள்ளுங்கள். கல்லாவுக்குப் பின்னால் ஓர் அலமாரி. சாமி படத்துக்குக் கீழே ஃபைபர் பாக்ஸ், அதன் மேல் கேமரா படத்தைப் பதிவு செய்யும் டிவிஆர், பக்கத்தில் பில்லிங் கம்ப்யூட்டரின் லேன் கேபிள். கார்டு மெஷின், கடைப் பையன்களின் போன், காத்திருக்கும் வாடிக்கையாளரின் போன் எல்லாம் அதே வைஃபையில். அத்தனைக்கும் 192.168.1 என்று தொடங்கும் முகவரி. அதாவது எல்லாம் ஒரே அறையில் உட்கார்ந்திருக்கின்றன. யாரும் யாரையும் தட்டிக் கூப்பிடலாம். நல்ல கேமரா எது, எந்த பிராண்டு வாங்கலாம் என்றுதான் பலரும் கேட்கிறார்கள். அதைவிட முக்கியம், எதை எதோடு சேர்த்துப் போட்டிருக்கிறோம் என்பது.

2016இல் மிராய் என்ற வைரஸ் பரவியது நினைவிருக்கலாம். அது பெரிய தந்திரம் எதுவும் செய்யவில்லை. இணையத்தில் 23, 2323 ஆகிய டெல்நெட் போர்ட்டுகள் (தொலைவிலிருந்து சாதனத்துக்குக் கட்டளையிட உதவும் எண்ணிட்ட வாசல்கள்) திறந்திருக்கும் டிவிஆர், கேமரா, ரவுட்டர்களைத் தேடி, கம்பெனி வைத்து அனுப்பிய யூசர்நேம், பாஸ்வேர்டுகளில் சுமார் 60 ஜோடிகளைப் போட்டுப் பார்த்தது. அவ்வளவுதான். அப்படிப் பிடித்த சாதனங்களைக் கொண்டு அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று டைன் என்ற டிஎன்எஸ் (தளப் பெயருக்கு முகவரி சொல்லும் சேவை) நிறுவனத்தை முடக்கினார்கள். ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் தடுமாறின. இதில் நாம் கவனிக்க வேண்டியது வேறு. அந்தச் சாதனங்கள் சிலவற்றில் டெல்நெட் பாஸ்வேர்டு ஃபர்ம்வேர் என்ற உள் மென்பொருளுக்குள்ளேயே பதிந்திருந்தது. திரையில் தெரியும் அட்மின் பாஸ்வேர்டை எவ்வளவு கடினமாக மாற்றினாலும் அது மாறாது. ரீபூட் செய்தால் மெமரியிலிருந்து வைரஸ் போய்விடும். வாசல் திறந்தே இருப்பதால் கொஞ்ச நேரத்தில் திரும்ப வந்துவிடும். இப்படிப்பட்ட பெட்டிக்கு ஒரே மருந்து, வெளியிலிருந்து யாரும் அதைத் தொட முடியாமல் வைப்பதுதான்.

முதலில் ஃபைபர் பாக்ஸின் அட்மின் பக்கத்தைத் திறந்து மூன்று இடங்களைப் பாருங்கள். வெளியிலிருந்து உள்ளே இருக்கும் சாதனத்துக்கு வழிவிடும் போர்ட் ஃபார்வர்டிங் பட்டியலில் 80, 554, 8000 என்று எதையாவது கேமரா போட்டவர் சேர்த்திருந்தால் நீக்குங்கள். அடுத்தது யுபிஎன்பி. இது ஆனில் இருந்தால் டிவிஆரே ரவுட்டரிடம் கேட்டு போர்ட்டைத் திறந்துகொள்ளும். நீங்கள் நீக்கியது மறுநாள் முளைத்திருக்கும். ஆஃப் செய்யுங்கள். மூன்றாவது வான் (WAN) முகவரி, அதாவது இணையத்தைப் பார்த்திருக்கும் பக்கத்தின் முகவரி. அது 100.64 முதல் 100.127 வரைக்குள் இருந்தால் நெட் கம்பெனி உங்களைப் பல வாடிக்கையாளரோடு சேர்த்து ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறது. ஐபிவி4 என்ற பழைய முகவரி முறை வழியாக வெளியிலிருந்து நேராக உள்ளே வர முடியாது. அதை நம்பி விட்டுவிடாதீர்கள். ஐபிவி6 என்ற புதிய முகவரி முறை ஆனில் இருந்தால் டிவிஆருக்கே தனிப் பொது முகவரி கிடைத்திருக்கலாம். பாக்ஸில் ஐபிவி6 ஃபயர்வால் ஆனில் இருக்கிறதா பாருங்கள். டிவிஆரில் ஐபிவி6ஐ அணைத்தாலும் ஒன்றும் குறையாது.

இப்போது பிரிக்கும் வேலை. தேவை இன்னொரு சாதாரண ரவுட்டர், ஒரு மீட்டர் லேன் கேபிள். இங்கேதான் பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். கேமராவைப் புது ரவுட்டருக்குப் பின்னால் ஒளித்துவைத்துவிட்டு, பில்லிங்கைப் பழைய பாக்ஸிலேயே விட்டுவிடுகிறார்கள். ரவுட்டருக்கு உள்ளே இருப்பது வெளியே இருப்பதைத் தொட முடியும். வெளியே இருப்பது உள்ளே வர முடியாது. ஆகவே உள்ளே இருக்க வேண்டியது பில்லிங்கும் கார்டு மெஷினும் பிரிண்டரும். டிவிஆர், கேமரா, வாடிக்கையாளர் வைஃபை எல்லாம் வெளி பாக்ஸிலேயே இருக்கட்டும். இப்படிப் போட்டால் கல்லாவில் உட்கார்ந்தபடியே கேமராவைப் பார்க்கவும் முடியும்.

கேபிளை ஃபைபர் பாக்ஸின் லேன் போர்ட்டிலிருந்து எடுத்துப் புது ரவுட்டரின் வான் போர்ட்டில் செருகுங்கள். அந்த வான் துளையை விட்டுவிட்டு லேன் துளையில் செருகினால், அது வெறும் சுவிட்சாகிவிடும்; நெட் வரும், பிரிவு இருக்காது. வைஃபையை மட்டும் பரப்பும் ஆக்சஸ் பாயின்ட் மோடில் வைத்தாலும் இதே கதைதான். உள் ரவுட்டரின் முகவரியை 192.168.50.1 என்று மாற்றுங்கள். இரண்டு பக்கமும் 192.168.1 என்றே இருந்தால் எந்தத் தகவல் பொட்டலத்தை எங்கே அனுப்புவது என்று ரவுட்டருக்குத் தெரியாது. முடித்ததும் வெளி வைஃபையில் ஒரு போனை இணைத்து, பில்லிங் கம்ப்யூட்டர் முகவரிக்குப் பிங் (இருக்கிறாயா என்று கேட்கும் சோதனை) அடியுங்கள். பதில் வரக் கூடாது.

இதிலும் ஒரு குறை உண்டு. பில்லிங்கின் இணையப் போக்குவரத்து வெளி நெட் வழியாகத்தான் போகிறது. அங்கே கெட்டுப்போன டிவிஆர் ஒன்று நடுவில் நின்று கேட்கப் பார்க்கலாம். பூட்டுச் சின்னத்தோடு போகும் போக்குவரத்தை அது படிக்க முடியாது. அதுவும் வேண்டாம் என்றால் மூன்றாவது ரவுட்டர் ஒன்றை வாங்கி, கேமராவையும் தனியாக ஒரு ரவுட்டருக்குப் பின்னால் வைக்கலாம். ஒரே நெட்டைத் தனித்தனி நெட்டாகப் பிரிக்கும் விஎல்ஏஎன் சுவிட்ச், அது தெரிந்தவர் கையில் இருந்தால் இன்னும் சுத்தமாக முடியும்.

வைஃபை பாஸ்வேர்டைப் பற்றிக் கொஞ்சம் கோபமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. வாசல் பலகையில் பெரிய எழுத்தில் எழுதியிருக்கும் அதே செல் நம்பரைத்தான் பலர் பாஸ்வேர்டாக வைக்கிறார்கள். பலகையில் இல்லாத நம்பர் என்றாலும் பயனில்லை. நம் ஊர் செல் நம்பர் 6, 7, 8, 9 இல் தொடங்கும் 10 இலக்கம். மொத்தம் 400 கோடி வாய்ப்பு. ஒரு போன் வைஃபையில் சேரும் நொடியில் பாஸ்வேர்டைச் சரிபார்க்க நடக்கும் கைகுலுக்கலைத் தெருவில் நின்றே பதிவு செய்து வீட்டுக்கு எடுத்துப் போகலாம். நல்ல கிராபிக்ஸ் கார்டு ஒன்று டபிள்யூபிஏ2 என்ற வைஃபை பூட்டு முறையின் பாஸ்வேர்டை வினாடிக்குச் சுமார் 10 லட்சம் முறை போட்டுப் பார்க்கும். 400 கோடியும் 4000 வினாடியில் முடிந்துவிடும். ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். சம்பந்தமில்லாத நாலைந்து சொற்களைச் சேர்த்து 20 எழுத்துக்கு மேல் வையுங்கள், கணக்கு நோட்டில் எழுதியும் வையுங்கள், தப்பில்லை. பாஸ்வேர்டுக்குப் பதில் எண் போட்டு வைஃபையில் சேரும் டபிள்யூபிஎஸ் பின் வசதியை அணையுங்கள்: 8 இலக்கம் என்றாலும் பாதி பாதியாகச் சரிபார்ப்பதால் 11,000 முயற்சியில் உடையும் என்று 2011இலேயே வெளிவந்துவிட்டது.

தெருப் பக்கக் கேமராவுக்கு வருவோம். வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டைச் சந்துகளில் ஸ்டூல் போட்டால் எட்டும் உயரத்தில்தான் பல கேமராக்கள். ஐபி கேமராவின் வாலில் தொங்கும் லேன் கேபிளைப் பிடுங்கி லேப்டாப்பில் செருகினால், செருகியவர் கடைக்குள் வந்துவிட்டார் என்று அர்த்தம். டிவி கேபிள் போன்ற கம்பியில் இணையும் பழைய பிஎன்சி கேமராவில் இந்தப் பயம் இல்லை. அந்தக் கேபிளில் படம் மட்டும்தான் வருகிறது. ஐபி வாங்குவதானால் பின்பக்கமே பிஓஇ (லேன் கேபிளிலேயே கரண்ட் அனுப்பும்) போர்ட்டுகள் உள்ள என்விஆரை, அதாவது ஐபி கேமராவுக்கான பதிவுப் பெட்டியைத் தேர்ந்தெடுங்கள். பெரும்பாலானவை கேமராக்களைத் தனி உள்வலையில் வைப்பதால், கேபிளைப் பிடுங்கியவர் கடையின் நெட்டுக்கு நேராக வர முடியாது.

கடலோரமான காசிமேடு, ராயபுரம் பக்கம் இருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. பொழுது சாய்ந்ததும் கேமரா அணைந்து அணைந்து எரிந்தால் உடனே யாரோ ஹேக் செய்துவிட்டார்கள் என்று பதற வேண்டாம். இருட்டானதும் அகச்சிவப்பு விளக்குகள் எரியத் தொடங்கி, கேமரா இழுக்கும் கரண்ட் கூடுகிறது. 12 வோல்ட் அடாப்டரைக் கல்லாவில் வைத்து, 30 மீட்டர் லேன் கேபிளின் ஒரு ஜோடிக் கம்பியில் கரண்ட் அனுப்பினால், போக வர 60 மீட்டர். நல்ல செம்புக் கம்பிக்கே சுமார் 5 ஓம். அரை ஆம்பியர் இழுத்தால் 2.5 வோல்ட் வழியிலேயே போய், கேமராவுக்கு 9.5 வோல்ட்தான் சேரும். செம்பு பூசிய அலுமினியக் கேபிள் என்றால் இன்னும் மோசம். 48 வோல்ட் பிஓஇயில் இந்தத் தொல்லை அநேகமாக இல்லை. உப்புக் காற்றில் லேன் கேபிளின் ஆர்ஜே45 முனையின் தங்க நிறப் பற்கள் பச்சை பூத்துப்போகும். கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள், கண்ணாலேயே தெரியும். பச்சை பூத்த முனையைச் சுரண்டாமல் வெட்டிவிட்டுப் புதிதாகக் க்ரிம்ப் செய்யுங்கள். இணைப்பைச் சுவரில் தொங்கவிடாமல் மூடிய பெட்டிக்குள் வைத்து, பெட்டிக்குள் நுழையும் முன் கேபிளைக் கீழே ஒரு வளைவு வளைத்து விட்டால் மழைத்தண்ணீர் வழிந்து சொட்டிவிடும்.

வெளியூரிலிருந்து போனில் கடையைப் பார்க்க வேண்டும் என்றால் கம்பெனி ஆப்தான் பலருக்கும் வழி. டிவிஆர் தானாக வெளியே போய் கம்பெனி சர்வரோடு பேசும். போர்ட் திறக்க வேண்டியதில்லை. ஆனால் சீரியல் நம்பரும் பாஸ்வேர்டும் தெரிந்தவர் எவரும் பார்த்துவிடலாம். பெட்டியின் க்யூஆர் ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். ஆப்புக்கு அட்மின் கணக்கைக் கொடுக்காமல், படம் பார்க்க மட்டும் உரிமையுள்ள இரண்டாவது கணக்கைத் திறந்து கொடுங்கள். கேமரா போட்டவருக்கும் அட்மின் வேண்டியதில்லை; வேலை முடிந்த அன்றே மாற்றிவிடுங்கள்.

ஃபர்ம்வேர் ஏற்றும்போது யுபிஎஸ் இல்லாமல் தொடாதீர்கள். பாதியில் கரண்ட் போனால் பெட்டி செங்கல்தான். கரண்ட் போய் வரும்போதெல்லாம் டிவிஆரின் தேதி 2000க்கோ 2010க்கோ ஓடிப்போகிறதா? உள்ளே இருக்கும் காசு அளவு பேட்டரி தீர்ந்திருக்கலாம். பல மாடல்களில் சிஆர்2032. மாற்றிவிட்டு, என்டிபி நேரச் சேவையையும் ஆன் செய்யுங்கள். தேதி தப்பான பதிவைக் காவல் நிலையத்தில் கொடுத்தால் முதல் கேள்வியிலேயே சிக்கிக்கொள்வீர்கள்.

எல்லாம் முடிந்ததும் தெருப் பக்கக் கேமராவின் கேபிளை நீங்களே பிடுங்கி ஒரு லேப்டாப்பில் செருகுங்கள். பில்லிங் கம்ப்யூட்டரையும் பிரிண்டரையும் திறக்கப் பாருங்கள். அப்படியே இன்னொருவரைக் கல்லாவில் நிறுத்தி, அந்தக் கேமராவின் கட்டம் கறுத்ததும் டிவிஆர் கத்துகிறதா என்று கேட்கச் சொல்லுங்கள். கத்தவில்லை என்றால் அலாரம் மெனுவில் ‘வீடியோ லாஸ்’ பஸ்ஸரை ஆன் செய்துவிட்டு, மறுபடியும் ஒருமுறை பிடுங்குங்கள்.