எஸ் போட்ட டிவைஸ், சி போட்ட டிவைஸ்

எஸ்.எஸ்.சி., வங்கித் தேர்வுக்கு ஆங்கிலம் படிப்பவர்கள் இந்த ஜோடிக்கு அரைமணி நேரம் ஒதுக்கலாம். தமிழில் எழுதினால் இரண்டும் ஒரே டிவைஸ்தான், நம் வாயிலும் ஒரே ஒலிதான். வம்பு அங்கேதான் தொடங்குகிறது.

எஸ் போட்டது (devise) வினைச்சொல். தொண்டையில் விரல் வைத்துச் சொன்னால், கடைசி ஒலியில் வண்டு ரீங்கரிப்பதுபோல் அதிரும். சி போட்டது (device) பெயர்ச்சொல், அதாவது கருவி. முடிவில் வெறும் காற்றுதான். மண்டபம் ஜெட்டியில் மீனுக்குக் கொட்டும் ஐஸின் மூன்று எழுத்தும் அதன் வாலில் அப்படியே இருக்கும். ஐஸ் ஒரு பொருள், ஆகவே பெயர்ச்சொல். அட்வைஸுக்கும் இதே கணக்கு.

எஸ் போட்டதற்கு 'கண்டுபிடி' என்று மட்டும் மனப்பாடம் செய்தால் பாதிதான் கிடைக்கும். மூலம் லத்தீனில் 'பிரி' என்று பொருள்படும் சொல். பழைய பிரெஞ்சில் அது பங்கிடு, ஒழுங்குபடுத்து, திட்டமிடு என்று விரிந்தது. நமக்கு இது புதிதே அல்ல. கணக்கிலும் வகுக்கிறோம், திட்டத்தையும் வகுக்கிறோம். 'வகு' என்று மனதில் வைத்தால் இரண்டு பொருளும் ஒட்டிக்கொள்ளும்.

பங்கிடுவதிலிருந்துதான் 'உயிலில் எழுதிவை' என்ற பொருள் வந்தது. உச்சிப்புளிப் பக்கம் தென்னந்தோப்பு, ஒரு நாட்டுப்படகு, வலைகள், கொஞ்சம் நகை இருக்கிற ஒருவர் உயில் எழுதுகிறார் என்று வையுங்கள். பழைய ஆங்கிலச் சட்ட வழக்கில் தோப்புக்கு எஸ் போட்ட டிவைஸ். படகு, வலை, நகைக்குப் பிக்வீத் (bequeath), அதுவும் உயிலில் எழுதிவைப்பதுதான். பிக்வீத்தின் வேர் 'சொல்லு' என்பது. இங்கிலாந்தில் நிலத்தைப் பரவலாக உயிலில் எழுதிவைக்க வழிவிட்டது 1540-ஆம் ஆண்டுச் சட்டம்.

இங்கே இரண்டு குழிகள். ஒன்று, இந்தச் சட்டப் பொருளில் எஸ் போட்டதே பெயர்ச்சொல்லாகவும் வரும்; மேலே சொன்ன ஐஸ் விதி அதற்குச் செல்லாது. இரண்டு, அகராதி விளக்கத்தில் வரும் 'ரியல் பிராப்பர்ட்டி' உண்மையான சொத்து அல்ல, அசையாச் சொத்து. 'பர்சனல் பிராப்பர்ட்டி' சொந்தச் சொத்து அல்ல, அசையும் சொத்து. இன்றைக்கு இந்தப் பிரிவினை கறாராக இல்லை. நம் 1925 வாரிசுரிமைச் சட்டம் இரண்டுக்கும் பிக்வீத்தின் பெயர்ச்சொல்லான 'பிக்வெஸ்ட்' என்றே எழுதுகிறது. கேள்வி டிவைஸையும் பிக்வீத்தையும் எதிரெதிரே நிறுத்தினால் மட்டும் நிலத்துக்கு டிவைஸைத் தேர்ந்தெடுங்கள்.

வாக்கியத்தில் இந்த வினைக்குச் செயப்படுபொருள் கட்டாயம். 'கப்பல் போக டிவைஸ் செய்தார்கள்' என்ற கட்டமைப்பு பிழை. கப்பல் போக ஒரு வழியை டிவைஸ் செய்யவேண்டும். பாம்பனில் 1914-இல் திறந்த பாலத்தின் இரு கைகளும் மேலே தூக்கி வழிவிட்டதை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த யோசனை எஸ், தூக்கும் பொறி சி.

மரபுத்தொடரில் சி பழைய பொருளையே பிடித்துக்கொண்டிருக்கும். பிள்ளைகளை 'அவர்களுடைய சொந்த டிவைஸ்களிடம் விட்டார்கள்' என்று பத்தியில் வந்தால், அவர்கள் போக்குக்கு விட்டார்கள் என்று பொருள். செல்போனைக் கையில் கொடுத்ததாக அல்ல.