படையிலிருந்து தனியார் துறைக்கு: நான் படித்த செலவுக் கணக்கு

இலங்கை இராணுவத்தின் மின்சார, இயந்திரப் பொறியியலாளர் படையணியில் 22 வருடங்கள் இருந்துவிட்டு, 2023இல் லெப்டினன்ட் கேணலாக ஓய்வுபெற்றேன். வீடு வெள்ளவத்தையில். மகள் படித்துக்கொண்டிருந்தாள், வேலை தேடியே ஆக வேண்டும்.

முதல் நேர்முகத் தேர்வு ஒருகொடவத்தைப் பக்கம், கொள்கலன் லொறிகள் ஓட்டும் ஒரு நிறுவனத்தில். எத்தனை வாகனங்களைப் பராமரித்தேன் என்று சுயவிபரக்கோவையில் எழுதியிருந்தேன். அவர்கள் கேட்டது வேறு: "ஒரு லொறி ஒரு கிலோமீற்றர் ஓட எவ்வளவு செலவாகும்?"

பதில் சொல்ல முடியவில்லை. இன்று காலை எத்தனை வண்டிகள் ஓடத் தயார் என்பதுதான் படையில் எங்கள் கணக்கு. உதிரிப்பாகம் வேண்டுமென்றால் களஞ்சியத்துக்கு எழுதுவோம். 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360ஐத் தாண்டியபோதும் எனக்குத் தெரிந்ததெல்லாம் சாமான் வரவில்லை என்பதுதான். அதன் விலை என் மேசைக்கு வந்ததே இல்லை.

அந்த வேலை கிடைக்கவில்லை. அப்புறம் ஐந்து மாதம், கணக்காளரான என் மனைவியின் தம்பி ஞாயிறுதோறும் வந்து சொல்லித் தந்தார். தேய்மானம், தொழிற்படு மூலதனம் (அன்றாடம் தொழில் ஓடக் கையில் வேண்டிய பணம்), துறைமுகத்தில் கொள்கலன் தங்கினால் ஏறும் கட்டணம், எல்லாம் புதிது. "அத்தான், லொறி நல்லா இருந்தா மட்டும் போதாது. சும்மா நிக்கிற நாளுக்கும் லீசிங் கட்டணும்" என்றார் ஒருநாள். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஓடாமல் தயாராக நிற்கும் வண்டியைப் பலம் என்று நினைத்தே வளர்ந்தவன் நான்.

சுயவிபரக்கோவையை ஒரு பக்கமாகச் சுருக்கித் திருப்பி எழுதினேன். மூன்றாவது இடத்தில் வேலை கிடைத்தது. என் மேலாளருக்கு 34 வயது. அது எனக்குச் சிரமமாக இல்லை. சிரமப்பட்டது சாரதிகளோடுதான். "சரி சேர்" என்பார்கள், மறுநாள் வரமாட்டார்கள். கட்டளையிட்டுப் பயனில்லை என்று உட்கார்ந்து பேசினேன். வேறிடத்தில் ட்ரிப்புக்குக் கூடுதலாகக் கொடுத்தார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருந்தது. கிலோமீற்றர் கணக்கைக் காட்டித்தான் அவர்களுக்கு உயர்வு வாங்கிக் கொடுத்தேன்.

2030க்குள் இராணுவத்தின் ஆள்பலத்தை ஒரு இலட்சமாகக் குறைப்பதாக 2023 ஜனவரியில் அறிவித்தார்கள். இன்னும் பலர் இந்த வழியில் வருவார்கள். சேவையில் இருக்கும் நண்பர்கள் அழைத்தால் ஒன்று சொல்கிறேன்: களஞ்சியத்துக்கு எழுதும் ஒவ்வொரு பாகத்தின் கடை விலையையும் இன்றிலிருந்தே ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள்.