வேருக்குள் ஒரு செங்கல்

உளி 'ணங்'கென்றது. அண்ணன் சட்டென்று கையை எடுத்துவிட்டார்.

புளியவேர். சாலையை அகலப்படுத்தியபோது பெயர்த்துப் போட்டது. அடிமரம் ஏலத்தில் போய்விட்டது. சூளைக்குப் போகவிருந்த வேரைச் சிற்பம் செதுக்கவென்று இவர் விலை பேசித் தூக்கி வந்து, வெட்டுவாயில் மெழுகு பூசி, பட்டறை நிழலில் போட்டு வைத்திருந்தார். வெயிலில் காய்ந்தால் வெடித்துவிடும்.

மண்ணைச் சுரண்டினால் உள்ளே ஒரு செங்கல் துண்டு. காசை வைத்து மூடிய குழந்தையின் கைபோல வேர் அதைச் சுற்றி இறுகி வளர்ந்திருக்கிறது. எந்தக் காலத்து வீட்டுச் செங்கல்லோ!

"எடுத்துடுவீங்களாண்ணே?"

"எடுத்துட்டா எதைப் பிடிச்சிருந்துச்சுன்னு தெரியாமப் போயிடும்ப்பா. இருக்கட்டும்."

கள்ளக்குறிச்சிப் பக்கம் மரத்தில் சாமி சிலை செதுக்கிப் பழகிய கை. புவிசார் குறியீடு வாங்கிய தொழில் அது. அங்கே எல்லாம் தாளக் கணக்கு. முகத்தின் நீளம் ஒரு தாளம். மற்ற அங்கங்களின் அளவெல்லாம் அதிலிருந்துதான். வாகைக் கட்டையில் கோடு போடாமல் உளி இறங்காது.

வேரில் அது செல்லாது. மரத்தின் நார் ஓட்டம் முறுக்கிக்கொண்டு போகும். ஒரு விரற்கடைக்குள்ளேயே உளியைத் திருப்பிப் பிடிக்க வேண்டியிருக்கும். கணக்குத் தெரிந்தவர் கணக்கை விட்டுவிட்டு வேலை செய்வதைப் பார்ப்பது தனிச் சுகம். (கிடைத்த வேருக்கெல்லாம் வார்னிஷ் அடித்து 'மாடர்ன் ஆர்ட்' என்று விற்பவர்களைப் பற்றி இன்னொரு நாள்.)

குனிந்த கிழவியின் முதுகு தெரிகிறது என்கிறார் அண்ணன். எனக்கு யாளி.

டீ கொண்டுவந்த பையன் இரண்டையும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆக்டோபஸாம்.