பெட்டி விலை 42, பேங்குல போறது 150

மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம் வீட்டுலயே மசாலா அரைச்சு ஆன்லைன்ல விக்கிற அக்காமாரு சில பேருக்கு நான்தான் ஆன்லைன் கடைப் பக்கத்த செட் பண்ணிக் கொடுக்கிறேன், இப்ப எல்லாருமே கேக்குறது மாசா மாசம் பெட்டி அனுப்புற சப்ஸ்கிரிப்ஷன். நல்ல ஐடியாதான். ஆனா வெலைய காட்டுற விதத்துலதான் எனக்கு ரொம்ப ஆதங்கம்.

பக்கத்து வீட்டு பெரியம்மா ஒரு கடையில (பேரு வேணாம்) அப்படி ஒரு பெட்டி எடுத்தாங்க. சாம்பார் தூள் 18, மீன் கறித் தூள் 16, ரசப் பொடி 14, மொத்தம் 48 வெள்ளி (ரிங்கிட்). பெட்டியா எடுத்தா "மாதம் 42 மட்டும்"னு கொட்டை எழுத்துல போட்டிருந்துச்சு. கட்டுற பட்டன அழுத்தினா பேங்க் ஆப்ல 150 வெள்ளி கேக்குது! மூணு மாசத்துக்கு முன்பணம் 126, மாசத்துக்கு 8 வெள்ளி போஸ்டேஜ்னு 24, இதெல்லாம் கீழ பொடி எழுத்துல சாம்பல் கலர்ல கெடந்துச்சு. 1,700 வெள்ளி குறைஞ்சபட்ச சம்பளத்துல ஓடுற வீட்டுல 150 ஒரே தடவையில போனா அந்த மாசம் எப்படி இருக்கும்னு தோட்டத்துல வளந்தவங்களுக்குத் தெரியும்.

இன்னொன்னு பாருங்க, அதே கடையில 40 வெள்ளிக்கு மேல தனித்தனியா வாங்கினா போஸ்டேஜ் ஃப்ரீ. அப்போ தனியா வாங்கினா 48, பெட்டியா வாங்கினா 42ம் 8ம் சேத்து 50. மலிவுன்னு சொன்னதுதான் 2 வெள்ளி அதிகம். கடைக்காரங்க வேணும்னே செஞ்சாங்கன்னு நான் சொல்லல, போஸ்டேஜ் கணக்கு ஒரு பக்கம் பெட்டிக் கணக்கு ஒரு பக்கம்னு வெச்சா இப்படித்தான் ஆகும், ஆனா நஷ்டம் வாங்குறவங்களுக்குத்தான்.

போஸ்டேஜ், வரி எல்லாம் சேத்து முழு வெலைய காட்டணும்னு நம்ம நாட்டு மின்வணிக விதிமுறை 2013 ஜூலையில இருந்தே சொல்லுது. மனசு ஒப்பலன்னா வாங்குறவங்க புகார விசாரிக்கிற பயனீட்டாளர் டிரிபுனல் இருக்கு, பதிவுக் கட்டணம் 5 வெள்ளிதான், 50,000 வெள்ளி வரைக்கும் கேக்கலாம், ஸ்கிரீன்ஷாட் மட்டும் பத்திரமா வெச்சுக்கோங்க.

நான் செட் பண்ற பக்கத்துல பட்டனுக்கு நேர் மேல, வெலை போட்ட அதே சைஸ் எழுத்துல, இப்படி வரும்: "இன்னைக்கு 50 வெள்ளி. அடுத்தது 10ம் தேதி 50 வெள்ளி. நிறுத்துற வரைக்கும் மாசா மாசம் இதே." சபா சரவாக்குக்கு போஸ்டேஜ் வேற, அதனால அட்ரஸோட போஸ்ட்கோட முதல்ல கேட்டுட்டு அப்புறம்தான் மொத்தத்த காட்டணும். பெட்டியா வாங்கினா எவ்வளவு காசு மிச்சம்னு சதவீதத்துல சொல்லாம வெள்ளியிலயே சொல்லிடுறேன், மிச்சமே இல்லன்னா அந்த வார்த்தையையே எடுத்துடுவேன். நிறுத்துற பட்டனும் வாட்ஸ்அப்ல கெஞ்சுற மாதிரி இல்லாம அதே பக்கத்துல இருக்கும்.

ஏன் 10ம் தேதின்னு ஒரு அக்கா கேட்டாங்க. 1955 வேலைச் சட்டப்படி சம்பளத்த அடுத்த மாசம் 7ம் தேதிக்குள்ள கொடுத்தா போதும், நம்ம பக்கம் நெறைய பேருக்கு அந்த 7ம் தேதிதான் காசு ஏறும், 1ம் தேதி ஆட்டோ டெபிட் வெச்சா அக்கவுண்ட்ல என்ன இருக்கும் சொல்லுங்க. தேதிய வாங்குறவங்களே மாத்திக்கிற வசதியும் இந்த வாரம் போட்டுடுவேன்.