பேஸ்பால் கிளவுஸின் உள்ளே

கிளவுஸ் வாங்கப் போகிறவர்கள் முதலில் விசாரிப்பது என்ன தோல் என்பதைத்தான். கேட்க வேண்டிய கேள்விதான். எருதுத்தோல் கனமானது, முரடு, பழக நாளாகும், நெடுநாள் உழைக்கும். கிப் எனப்படும் இளமாட்டுத் தோல் மெலிது, இழை நெருக்கமானது, எடையும் குறைவு. ஆனால் பந்து உள்ளே நிற்பதும் தெறித்து வெளியே ஓடுவதும் தோலின் பெயரை வைத்து முடிவாவதில்லை. மேலுறை, உட்தோல், பேடு எனப்படும் மெத்தை, வார் ஆகிய நான்கும் எப்படிப் பொருந்தியிருக்கின்றன என்பதே அதைத் தீர்மானிக்கிறது. கடையில் யாரும் அதைப் பிரித்துக் காட்டுவதில்லை என்பதால் இங்கே கொஞ்சம் விரிவாக.

ஆரம்பகால கிளவுஸ் கையை அடியிலிருந்து காக்க மட்டுமே இருந்தது. பந்தைப் பிடிக்க உதவும் கருவியாக அதை மாற்றியவர் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியின் பிட்சர், அதாவது பந்து எறிபவர், பில் டோக். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தோல் வார்களால் பின்னினால் அங்கே பந்து தங்க ஒரு குழி, அதாவது பாக்கெட், உருவாகும் என்பது அவர் யோசனை. அதற்கு 1922-இல் காப்புரிமை கிடைத்தது. ராலிங்ஸ் நிறுவனம் அதைத் தயாரித்தது. 1957-இல் வந்த வில்சன் ஏ2000 கிளவுஸ், வெப் எனப்படும் இந்தப் பின்னலைப் பெரிதாக்கியது, பந்தைச் சுற்றி மடிந்து மூடும் வடிவத்தைப் பரவலாக்கியது. இன்றைய கிளவுஸ் எல்லாம் அந்த வழியில் வந்தவையே.

கிளவுஸ் என்பது ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு உறைகள். தோலை எஃகு அச்சால் வெட்டும்போது உள்ளங்கைக்கும் விரல்களுக்கும் முதுகுப் பக்கத்து இறுக்கமான தோலை எடுக்க வேண்டும். வயிற்றுப் பகுதித் தோல் தொளதொளவென்று இழுபடும். அதை விரலுக்குப் போட்டால் கொஞ்ச நாளிலேயே விரல் துவண்டு பின்னால் சாயும்.

மேலுறையை உள்பக்கம் வெளியே தெரியும்படி தைக்கிறார்கள். விரல் தையல்களுக்கு நடுவே ஒரு மெல்லிய தோல் பட்டையும் சேர்ந்து தைக்கப்படும்; விரல் விறைப்பாக நிற்பது அதனால்தான். பிறகு ஒவ்வொரு விரலாகக் குச்சியால் தள்ளிப் புரட்டுவார்கள். கடைசியில், சூடேற்றிய உலோகக் கை வடிவத்தில் மாட்டித் தையல்களைத் தட்டிப் படிய வைப்பார்கள். இந்த வேலையில் அவசரப்பட்டால் தையல் விளிம்பு உள்ளே மேடாக நின்று விரலை உறுத்தும். எவ்வளவு பழக்கினாலும் அது சரியாகாது.

உட்தோல் தனியாகத் தைக்கப்பட்டு இதற்குள் போகிறது. இரண்டுக்கும் நடுவே உள்ளங்கை பேடு, மணிக்கட்டை ஒட்டிய அடிப் பேடு, கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் விறைப்பான ஃபெல்ட் (அழுத்திச் செய்த தடித்த துணி) அல்லது பிளாஸ்டிக் துண்டு. நல்ல தயாரிப்பில் பேடு கம்பளி ஃபெல்டாக இருக்கும். மலிவானதில் ஃபோம், அது சீக்கிரமே அமுங்கித் தட்டையாகிவிடும். அடிப் பேடு இரண்டு துண்டாகப் பிரிந்திருக்கும் இடம்தான் கிளவுஸின் கீல். கட்டைவிரல் சுண்டுவிரலை நோக்கி மடிந்தால் பாக்கெட் அகலமாகும். நடுவிரலை நோக்கி மடிந்தால் குறுகும். முதல் சில நாட்களில் எப்படி மடிக்கிறோமோ அதுவே நிலைத்துவிடும், பின்னால் மாற்றுவது பெரும்பாடு.

அளவெடுப்பது ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து பாக்கெட் வழியாக அடிப்பகுதி வரை, டேப்பை மேற்பரப்போடு ஒட்டவைத்து. பேஸ்களை ஒட்டி நிற்கும் இன்ஃபீல்டருக்கு 11.25 முதல் 11.75 அங்குலம், பந்தை எடுத்த கையோடு எறிய வேண்டியவர் என்பதால் ஆழமில்லாத பாக்கெட். தூரத்தில் நிற்கும் அவுட்ஃபீல்டருக்கு 12.5 முதல் 12.75. பேட்ஸ்மேனுக்குப் பின்னால் இருக்கும் கேட்சரின் விரல் பிரியாத கிளவுஸான மிட்டைச் சுற்றளவால் அளப்பார்கள்: பொதுவாக 32.5 முதல் 34 அங்குலம். பிட்சருக்கு மூடிய வெப் அவசியம், பந்தைப் பிடித்திருக்கும் விதம் பேட்ஸ்மேனுக்குத் தெரியக் கூடாது.

பேஸ்பாலைப் போன்ற ஆட்டமான சாஃப்ட்பாலில் பந்தின் சுற்றளவு 12 அங்குலம். பேஸ்பால் 9 முதல் 9.25 அங்குலம்தான். ஆகவே சாஃப்ட்பால் கிளவுஸ் நீளமாக இருந்தால் மட்டும் போதாது, பாக்கெட்டும் வெப்பும் அகலமாக வேண்டும். சிறிய பேஸ்பால் கிளவுஸில் சாஃப்ட்பால் பிடித்துப் பழகினால் வெப் வார்கள் இழுபட்டுத் தளர்ந்து, அதன் பிறகு பேஸ்பால் அதில் ஆடிக்கொண்டே இருக்கும்.

முதலில் அறுவது எப்போதும் வார்தான், அதிலும் வெப்பைச் சுற்றியுள்ள வார். பெரும்பாலானவற்றுக்கு 3/16 அங்குல அகலமும் 72 அங்குல நீளமும் உள்ள வார் பொருந்தும். மாற்றுவதற்கு முன் முன்னும் பின்னும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தத்தையும் உருவிவிடாமல் பகுதி பகுதியாக மாற்றுங்கள். புது வாரில் லேசாகத் தோல் கண்டிஷனர் தடவி, நுனியைச் சரிவாகச் சீவி, வார் ஊசியால் கோத்து இழுக்க வேண்டும். வழுவழுப்பான பக்கம் வெளியே இருக்கட்டும், முறுக்கு விழ விடாதீர்கள். இறுக்கும்போது பாக்கெட்டில் பந்தை வைத்துக்கொள்வது முக்கியம். வெறுமையாக வைத்து இறுக்கினால் குழி தட்டையாகி, பிடித்த பந்து வெளியே குதிக்கும்.

பழக்குவதற்கு மரச் சுத்தியால் பாக்கெட்டிலும் கீலிலும் தட்டுவதும், விடாமல் பந்து பிடிப்பதும் போதும். ஓவன், மைக்ரோவேவ் பக்கமே போகாதீர்கள்: தோலின் எண்ணெய்ப் பசை வற்றி வெடிக்கும், வார் மொறுமொறுவென்று உடையும். எண்ணெயை அள்ளி ஊற்றினால் ஃபெல்ட் உறிஞ்சிக் கனத்துப்போகும், வாரும் இழுபடும். நனைந்துவிட்டால் துடைத்து, பாக்கெட்டில் ஒரு பந்தை வைத்து நிழலில் உலர்த்துங்கள்.

பழைய கிளவுஸ் வாங்குவதென்றால் வார் அறுந்திருப்பதைப் பார்த்துத் தயங்க வேண்டாம், அது சுலபமான வேலை. கையை உள்ளே விட்டு, மறுகைக் கட்டைவிரலால் உள்ளங்கையை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். உட்தோல் தனியாக நழுவினாலோ, பேடு ஓரிடத்தில் திரண்டிருந்தாலோ, விரல் நுனிகளில் உட்தோல் ஓட்டையாகியிருந்தாலோ விட்டுவிடுங்கள். அதைச் சரிசெய்ய வார் முழுவதையும் பிரித்து உறையைக் கழற்ற வேண்டிவரும்.